பக்கத்தில் உட்கார ஒரு வக்கீல்

டெவ்ரா எஸ்ப்லினைச் சபையார் நன்றி சொல்லித்தான் வெளியேற்றினார்கள். ஓர்டன் வாஷ் ஊரில் யாரையும் திட்டி அனுப்பும் பழக்கம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், வாரநாட்களில் டயர்க்கடை நடத்தும் ஆயர் லோவெல் மேடையேறித் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சகோதரி எஸ்ப்லின் இத்தனை வருஷமா நமக்காக ஆர்கன் வாசிச்சாங்க. இன்னியோட அவங்களை அந்தப் பொறுப்புலேர்ந்து விடுவிக்கிறோம். அவங்களுக்கு நன்றி சொல்ல விரும்பறவங்க கை தூக்கிக் காட்டலாம்" என்றார்.

ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும்போது, ஏற்பவர்கள் கை தூக்கியதும், எதிர்ப்பவர்கள் இருந்தால் அவர்களும் கை தூக்கலாம் என்று கேட்பது அங்கே வழக்கம். நன்றி சொல்லும்போது அதைக் கேட்பதில்லை. நன்றிக்கு யார் எதிர்ப்புச் சொல்லப் போகிறார்கள்? ஆர்கனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டெவ்ரா, மொத்தச் சபையும் வலது கையைத் தூக்குவதைப் பார்த்தாள். எல்லார் முகத்திலும் பல் தெரியும் சிரிப்பு. மூன்றாவது வரிசையில் அவள் தம்பி தேய்னும் கை தூக்கியிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுவிக்கப்பட்டவளே அன்றைய கடைசிப் பாட்டையும் வாசிக்க வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. புதிதாக யாரையும் அமர்த்தவும் இல்லை. அடுத்த வாரம் முதல் பாட்டுக்கு வாத்தியமே இல்லாமல் போனாலும் பரவாயில்லை, டெவ்ரா வாசிக்க வேண்டாம் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

எல்லாம் ஒரு கையெழுத்தால் வந்த வினை.

டெவ்ராவின் வக்கீல் அலுவலகம் மாட்டுத்தீவனக் கடைக்கு அடுத்த வாசல். உயில் எழுதுவாள், நிலப் பத்திரம் பார்ப்பாள், வாய்க்கால் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டால் நடுவில் உட்கார்ந்து தீர்த்துவைப்பாள். கோர்ட் படியேறுவது அபூர்வம். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் ஊரில் எல்லார் வீட்டு வேலைக்கும் அவளைக் கூப்பிடலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. அவளும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். முடியாது என்ற சொல் அவள் வாயில் பிறந்ததே இல்லை.

போன வசந்தத்தில் ஹோப் மார்ச்செட்டி என்ற வக்கீலம்மா நியூ ஜெர்சியிலிருந்து வந்து இறங்கினாள். கையில் காகிதக் கோப்பையில் காப்பி. சபை விலக்கியதால் யாரும் காப்பி குடிக்காத ஊரில் அந்த வாசனையே ஒரு அறிவிப்பு மாதிரி அவளுக்கு முன்னால் நடந்தது.

"ஜூனிப்பர் மேட்டு இல்லத்து மேல வழக்குப் போடறேன்" என்றாள், உட்காரும் முன்பே.

ஊருக்கு மேலே, மேட்டில், முள்வேலிக்குள் இருக்கும் இடம் அது. கைக்கு அடங்காத பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை என்று பெயர். எந்தெந்த மாநிலத்திலிருந்தோ பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள். நடத்துகிறவர் ஆர்வில் ஃபேக்ரெல். ஊரில் பாதி வீட்டு அடுப்பு அங்கே வாங்கும் சம்பளத்தில்தான் எரிந்தது. டெவ்ராவின் தம்பி தேய்ன் வீட்டு அடுப்பும்தான். அவன் அங்கே வண்டி ஓட்டினான்.

"ஒஹாயோவுலேர்ந்து ஒரு பொண்ணு, டாம்சின் ரூர்க். பதினஞ்சு வயசுல இங்க கொண்டாந்து விட்டாங்க. வாரக்கணக்கா வாய் திறக்கக் கூடாதுன்னு தண்டனை. தண்ணி வேணுமா, பாத்ரூம் போகணுமா, கை தூக்கணும். ஊழியர் ஒருத்தர் 'பார்த்தாச்சு'ன்னு சொல்ற வரைக்கும் கை இறங்கக் கூடாது. இறக்கினா முதல்லேர்ந்து தொடங்கணும். சில நாள் பொழுது முழுக்க நின்னிருக்கா. இப்ப தோள்பட்டை போச்சு. இதுக்குப் பேரு சிகிச்சை."

"நான் என்ன செய்யணும்?"

"நான் வெளிமாநிலத்து வக்கீல். உங்க கோர்ட்ல எனக்கு நாக்கு கிடையாது. உள்ளூர் வக்கீல் ஒருத்தர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டு, விசாரணையில என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாத்தான் நான் பேசலாம். நீங்க எழுந்து போனா நான் வாயை மூடிக்கணும்."

"நான் பேச வேண்டாமா?"

"ஒரு வார்த்தை வேண்டாம். நான் பேசறதே நாலு பேர் பேசற மாதிரி இருக்கும், எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க." ஹோப் சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "நான் ஏறி இறங்காத வாசல் இல்ல, டெவ்ரா. இந்தச் சுத்து வட்டாரத்துல ஃபேக்ரெலுக்கு வேலை பார்க்காத வக்கீல் நீங்க ஒருத்தர்தான்."

ஓர்டன் வாஷில் ஒருவர் வந்து ஏணி கேட்டால் ஏணியைக் கொடுப்பது மட்டுமில்லை, கூடவே போய்ப் பிடித்துக்கொண்டும் நிற்பார்கள். டெவ்ரா கையெழுத்தையும் அப்படித்தான் கொடுத்தாள். வழக்கைப் படித்தாயா என்று கேட்டால், படித்தாள். ஒரு பெண்ணின் தோள் போயிருக்கிறது, உண்மையா பொய்யா என்று நீதிபதி பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தாள். ஊர் என்ன சொல்லும் என்று நினைக்கவில்லை. கேட்டவருக்கு உதவினால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று நம்புவது அந்த ஊர்க்காரர்களால் மட்டுமே முடிகிற முட்டாள்தனம்.

ஊர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கொடுமை. கோபித்துக்கொண்டிருந்தால் இவளும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சாப்பாடு வந்தது. இழவு வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகிற, சீஸும் பாலேடும் போட்டு மேலே சோள அவல் தூவிச் சுட்ட உருளைக்கிழங்கு, கண்ணாடித் தட்டு தட்டாக வாசலுக்கு வந்தது.

"உங்களுக்காக ஜெபம் பண்றோம், சகோதரி எஸ்ப்லின்."

"எதுக்குங்க?"

"சும்மாதான்." கன்னத்தில் ஒரு முத்தம். "உடம்பைப் பார்த்துக்கோங்க."

உயிலை எழுதக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு கிழவர் கோப்பை வாங்கிக்கொண்டு ஒரு பழப் பணியாரத்தை வைத்துவிட்டுப் போனார். குளிர்பதனப் பெட்டி நிறைந்து, கதவு மூடாமல் போயிற்று. டெவ்ரா அதன்முன் நின்று, இத்தனையையும் யார் தின்பது என்று வாய்விட்டே கேட்டாள். செத்த பிறகு கிடைக்க வேண்டியதெல்லாம் உயிரோடு இருக்கும்போதே கிடைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஃபேக்ரெலே வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, மழை இல்லை, புல் இல்லை என்று ஊர்க்கதை பேசினார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து போகும்போதுதான் நின்றார்.

"வெளியூர்க்காரங்க வந்த வழியே போயிடுவாங்க, டெவ்ரா. நீயும் நானும் இதே ஊர் மண்ணுலதான் படுக்கணும். உங்கப்பாவுக்குப் பக்கத்துல எனக்கும் இடம் வாங்கிப் போட்டிருக்கேன், தெரியுமில்ல?"

"தெரியும், சகோதரர் ஃபேக்ரெல்" என்றாள் டெவ்ரா. வாசல் வரை போய் வழியனுப்பவும் செய்தாள். அவர் வண்டி போனபிறகு, அவருக்குக் கோபமே வரவில்லையே, நமக்கு ஏன் பயம் வருகிறது என்று யோசித்தாள். செத்தாலும் அவர் பக்கத்திலேயே கிடக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நன்றி சொல்லி ஆர்கனைப் பறித்த அதே ஞாயிறு மதியம், தேய்ன் வந்தான். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கார்ச் சாவியை மேஜையில் சுற்றிச் சுற்றி விட்டான்.

"கை தூக்கிட்டியேடா" என்றாள் டெவ்ரா.

"எல்லாரும் தூக்கினாங்கக்கா. நான் மட்டும் மடியில வச்சுக்கிட்டு உட்கார முடியுமா?"

"சாப்பிடறியா? உருளைக்கிழங்கு இருக்கு. அதுதான் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. "ஃபேக்ரெல் என்னைக் கூப்பிட்டார்."

"மிரட்டினாரா?"

"சே, அவரு யாரை மிரட்டியிருக்காரு? பிரின்லி எப்படி இருக்கான்னு கேட்டார். அவ்வளவுதான். மறுபடி கேட்டார். இன்சுலின் எல்லாம் நேரத்துக்குக் கிடைக்குதில்லன்னு கேட்டார்."

பிரின்லி தேய்னின் மகள், ஏழு வயது. சர்க்கரை நோய். மருந்தெல்லாம் இல்லத்து வேலையோடு வரும் காப்பீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போனால் காப்பீடும் போகும். அதை அக்காவுக்கு அவன் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்கு முதல் முதல் ஊசி போட்டுவிட்டதே அவள்தான்.

"விலகிக்கோக்கா. எனக்காக."

"விலகினா அந்தப் பொண்ணு கேஸ் என்னாகும்?"

"அந்த அம்மா வேற யாரையாவது பிடிப்பாங்க."

"சரி, நாளைக்கே எழுதி அனுப்பிடறேன்."

தேய்ன் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினான். "நாளைக்கு வேண்டாம். விசாரணை அன்னைக்கு, நீதிபதி வந்து உட்கார்ந்ததும் நேர்லயே குடுத்துடுன்னு இல்லத்து வக்கீல் சொன்னார்."

டெவ்ரா வக்கீல். அவளுக்கு விளங்காதா? அன்று அந்த நிமிஷம் அவள் எழுந்து போனால் ஹோப் ஊமை. வழக்கு அங்கேயே விழும். மறுபடி போடலாம் என்றால் சட்டம் கொடுத்த காலக்கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் அந்தப் பெண் எந்தக் கோர்ட்டிலும் இதைச் சொல்ல முடியாது.

"தேய்ன், அந்தப் பசங்களைக் கை தூக்கி நிக்க வச்சது நெஜமாடா?"

"நான் வண்டி ஓட்டறவன்க்கா. டயர்ல காத்து இருக்கான்னு கேளு, சொல்றேன்." அவன் கண்கள் சாவியிலேயே இருந்தன. "செய்வியா?"

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். "சரி" என்றாள்.

விலகல் மனுவை மறுநாளே எழுதி முடித்தாள். எழுதியதைப் பையில் போட்டுக்கொண்டு ஊரில் நடந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இதற்கு முன்பும் சிரித்தவர்கள்தான். ஆனால் இப்போது அந்தச் சிரிப்புக்குள் எங்கே திரும்பினாலும் சுவர். கையெழுத்துப் போட்டது ஒரு வாசல் என்றால், இந்தக் காகிதம் இன்னொரு வாசல். இரண்டும் ஒரே கிடங்குக்குள்தான் போகின்றன என்று அவளுக்குத் தோன்றியது.

இருந்தாலும் ஹோப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முதுகில் குத்துவது அவளுக்கு ஆகாது. விசாரணைக்கு முந்தைய நாள், காலையில், ஒரு தட்டு உருளைக்கிழங்கோடு நெடுஞ்சாலை மோட்டலுக்குப் போனாள்.

"யாரு செத்தது?" என்றாள் ஹோப், தட்டைப் பார்த்ததுமே. இந்த ஊர்ச் சாப்பாட்டை அதற்குள் அவளும் படித்திருந்தாள்.

"நான்தான். உள்ள வரலாமா?"

ஜன்னலோரத்தில் டாம்சின் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுப் பெண், ஒட்ட வெட்டிய முடி, தொளதொளச் சட்டை. எழுந்து கைகொடுத்தாள், இடது கையை. மூவரும் உருளைக்கிழங்கைக் காகிதத் தட்டில் போட்டுச் சாப்பிட்டார்கள். டாம்சின் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு, "இது மட்டும் அங்கயும் நல்லா இருக்கும், மேடம். யாராவது பொறுப்பாளர் வீட்டுல சாவு விழுந்தா மிச்சம் எங்களுக்கு வரும். நாங்க சாவுக்குக் காத்துக்கிட்டிருப்போம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டெவ்ராவுக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று நினைத்ததும் பையிலிருந்த காகிதம் நினைவுக்கு வந்தது.

ஹோப்பும் டெவ்ராவும் மறுநாள் எங்கே உட்காருவது என்று பேசிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. டாம்சினின் வலது கை மெல்ல மேலே போயிற்று. தோளுக்கு மேல் போகும்போதே முகம் சுளித்தது. ஆனாலும் கை போயிற்று. பார்வை எதிர்ச்சுவரில் நின்றுவிட்டது.

"டாம்சின்," என்றாள் ஹோப், மெதுவாக. "இது மோட்டல். நீ எழுந்து போகலாம்."

கை இறங்கவில்லை. ஹோப் டெவ்ராவின் பக்கம் சாய்ந்து, "மனசு பதறினா இப்படி ஆயிடுது. நாம பேசறது காதுல விழாது. அந்த வார்த்தையைச் சொன்னா உடனே இறங்கும், ஆனா நான் அதைச் சொல்ல மாட்டேன். என் வாயால சொல்லவே மாட்டேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டாம்சின் தானாகவே திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள், மறு கையால் பிடித்துக் கீழே இறக்கினாள், "பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போனாள்.

திரும்பி வந்தவள் டெவ்ராவையே உற்றுப் பார்த்தாள்.

"உங்களை எனக்குத் தெரியும். நீங்க சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறவங்க. ஞாயித்துக்கிழமை எங்களைக் கொண்டாந்து கடைசி வரிசையில உட்கார வைப்பாங்க."

"ஆமா, ஞாபகம் இருக்கும்மா" என்றாள் டெவ்ரா. கடைசி வரிசையில் சாம்பல் சட்டையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருந்தது. முகம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

"ஒரு நாள் ஃபேக்ரெலை ஏதோ பெரிய பொறுப்புல வச்சாங்க. எல்லாரும் கை தூக்கினாங்க. அப்புறம் மேடையில இருந்தவர், எதிர்ப்பு இருக்கிறவங்க கை தூக்கலாம்னார். நான் தூக்கினேன்."

ஹோப் எழுதுவதை நிறுத்தினாள். அவளுக்கும் இது புதுசு.

"அப்ப ரெண்டு மாசமா நான் பேசலை. ரெண்டு மாசத்துல என்கிட்ட யாராவது ஒண்ணு கேட்டாங்கன்னா அது அந்தக் கேள்விதான். கடைசி வரிசையை அவர் பார்க்கவே இல்லை. எதிர்ப்பு இல்லைன்னுட்டார். நீங்க அடுத்த பாட்டை ஆரம்பிச்சிட்டீங்க." அவள் குரலில் குறை எதுவும் இல்லை, நடந்ததைச் சொன்னாள். "பாட்டு முடிஞ்சும் கை மேலதான் இருந்துச்சு. பக்கத்துல வண்டி ஓட்டறவர் இருந்தார். அவர்தான் காதோரமா 'பார்த்தாச்சும்மா'ன்னார். நல்ல மனுஷன். வண்டியில யாரு கை தூக்கினாலும் உடனே சொல்லிடுவார், நிக்க வைக்க மாட்டார். போகும்போது ஆரஞ்சு மிட்டாய் தருவார்."

ஆரஞ்சு மிட்டாய் தேய்னின் சட்டைப் பையில் சின்ன வயசிலிருந்தே இருக்கும். இப்போது பிரின்லிக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுப்பதற்கு என்று வைத்திருந்தான்.

"அவர் பேரு தெரியுமா?" என்று ஹோப் கேட்டாள். "அந்த விதியே இல்லைன்னு சாதிக்கிறாங்க. உள்ள வேலை பார்த்த ஒரே ஒரு ஆள் வந்து ஆமான்னு சொன்னாப் போதும்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு அனுமதி இல்லை."

டெவ்ராவுக்குத் தெரியும். தொண்டைக்குழி வரை வந்த பெயரை அவள் உருளைக்கிழங்கோடு சேர்த்து விழுங்கினாள். விலகப் போவதையும் சொல்லவில்லை, தம்பியைப் பற்றியும் சொல்லவில்லை. கழுவிய தட்டை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம், எந்தப் பாட்டு, அன்று எந்தப் பாட்டை வாசித்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். எதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வரும் அளவுக்கு அது அவளுக்கு ஒன்றுமே இல்லாத நாள்.

மறுநாள் கோர்ட்டில் உட்கார இடமில்லை. இல்லத்து ஊழியர்களை வரிசை வரிசையாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். முன் வரிசையில் ஃபேக்ரெல், மடியில் தொப்பி. தேய்ன் கடைசி வரிசையில், சுவரோரம். டெவ்ரா ஹோப்பின் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நீதிபதி ஹேட்ச் வந்தார். மெலிந்த கிழவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாராவது மனு ஏதாவது குடுக்கணுமா?" என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் டெவ்ராவைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி. முதுகில் தேய்னின் பார்வை ஊன்றியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. பையைத் திறந்தாள். காகிதத்தின் விளிம்பு விரலில் பட்டது. எழுந்திருக்கக் கால் வரவில்லை. மாட்டேன் என்று பையை மூடவும் கை வரவில்லை. சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பயத்தில் உறைந்துபோயிருந்தாள்.

"இல்லையா? சரி, நடத்துங்க" என்றார் நீதிபதி.

எதிர்த்தரப்பு வக்கீலின் புன்னகை சற்றே கோணியது. ஆனாலும் அழகாகப் பேசினார். "ஐயா, இந்த மாதிரி இல்லங்க மேல வழக்குப் பிடிக்கிறதுக்குன்னே மாநிலம் விட்டு மாநிலம் சுத்தற வக்கீல்கள் இருக்காங்க. அவங்க எழுதிக் குடுத்த கதை இது. எங்க இல்லத்துல அப்படி ஒரு விதியும் இல்லை. 'பார்த்தாச்சு'ன்னு ஒரு வார்த்தையும் இல்லை. இங்க உட்கார்ந்திருக்கிற ஊழியர்கள் அத்தனை பேரும் சத்தியம் பண்ணுவாங்க."

அத்தனை பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டாம்சினைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியவள் கீழே ஃபேக்ரெலைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினாள். வலது கையைத் தூக்கச் சொன்னார் குமாஸ்தா. தூக்கினாள். உண்மையைச் சொல்வேன் என்ற உறுதிமொழியை அவர் வாசிக்க, அவளும் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள்.

"உட்காரலாம்" என்றார் குமாஸ்தா.

டாம்சின் உட்காரவில்லை. கை மேலேயே இருந்தது. பார்வை எதிர்ச்சுவருக்குப் போய் நின்றுவிட்டது.

"கையை இறக்கலாம்மா" என்றார் நீதிபதி.

கை இறங்கவில்லை.

"ஐயா, இது நாடகம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

ஹோப் எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அந்த வார்த்தையை அவள் சொன்னால், பாருங்கள், சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பார்கள். சொல்லாவிட்டால் அந்தத் தோள் என்ன ஆவது? டாம்சினின் கை நடுங்கத் தொடங்கியது. முழங்கைவரை, பிறகு தோள்வரை. முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை பூத்தது. கோர்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இல்லத்து ஊழியர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இது புதிய காட்சி இல்லை, அது முகத்திலேயே தெரிந்தது. டெவ்ராவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. போதும், யாராவது சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் மனசு கத்தியது.

"பார்த்தாச்சும்மா."

பின்னாலிருந்து ஒரு குரல். உரக்கச் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்துச் சொல்கிற குரல். "பார்த்தாச்சு, பார்த்தாச்சு."

அறுந்து விழுந்த மாதிரி கை கீழே விழுந்தது. டாம்சின் உட்கார்ந்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கையில் பேனா அப்படியே நின்றது. ஃபேக்ரெல் கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பின்வரிசைகளைப் பார்த்தார். அவர் திரும்பியதுமே எல்லாத் தலைகளும் குனிந்தன. யார் சொன்னது என்று அவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேர் அங்கே.

"யாரு பேசினது?" என்றார் நீதிபதி.

பதில் இல்லை. அந்த ஊரில் வராது.

"நான் கேக்கறேன், இப்ப பேசினது யாரு?"

ஹோப் டெவ்ராவின் கையைப் பிடித்தாள். "யாரு அது? உங்க ஊர் ஆளுதானே. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? அந்தக் குரலுக்குத் தாலாட்டுப் பாடியவள் அவள். தேய்ன் ஏன் சொன்னான்? பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா, பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சொன்னானா? இரண்டில் எதுவானாலும் இனி அவன் நம்பியிருப்பது ஒன்றுதான். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் எல்லாரும் குனிந்தே இருந்தால் அந்தக் குரல் யாருடையதும் இல்லாமல் போய்விடும். சாயங்காலத்துக்குள், அப்படி ஒரு குரலே கேட்கவில்லை என்று ஊரே சொல்லும். சத்தியமும் பண்ணும். பிரின்லிக்கு மருந்து வரும். டாம்சின் அந்தத் தோளோடு ஒஹாயோவுக்குப் போவாள்.

ஊசி போடும்போது பிரின்லி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஆயிடுச்சா அத்தை?" என்று கேட்பது டெவ்ராவின் காதில் கேட்டது.

டெவ்ரா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"ஐயோ, எங்க போறீங்க? உட்காருங்க" என்று ஹோப் பதறினாள். "நீங்க போனா நான் பேச முடியாது."

"நான் போகலை" என்றாள் டெவ்ரா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பேசவே வேண்டாம் என்றுதான் அவளைக் கூட்டிவந்தார்கள்.

"ஐயா, பேசினது என் தம்பி. பேரு தேய்ன் எஸ்ப்லின். இல்லத்துல வண்டி ஓட்டறான். அவனைச் சாட்சியாக் கூப்பிடணும்."

பின்வரிசையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நிற்கும் சத்தம். டெவ்ரா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.